செம்புறாங்கல் மண்ணில் தோட்டம்: எரிமலைக் கல்தூளை எங்கே, எவ்வளவு, எப்படிப் போடுவது

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், அரிமளம் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் கடப்பாரையைப் போட்டால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேலே அரை அடி செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே செம்புறாங்கல். கோடையில் மண் கல்லாகிக் கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஒன்று மேலோடு ஓடிவிடும், இல்லையென்றால் சரளைக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். போட்ட உரம் நிற்காது. மணிச்சத்தை (பாஸ்பரஸை) மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும், செடிக்குக் கொடுக்காது.

இந்த மண்ணுக்கு எரிமலைக் கல்தூள் போடலாமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. போடலாம். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது, கருப்பாக இருக்கும் எல்லாத் தூளும் எரிமலைக் கல்லும் ஆகாது. முதல் வருஷப் பலனை மக்கிய எருவும் கண்மாய் வண்டலும்தான் கொடுக்கும். கல்தூளின் வேலை இரண்டாம், மூன்றாம் வருஷத்தில்தான் தெரியும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் அதே பணத்துக்கு ஆட்டு எரு வாங்கிப் போடுவது நல்லது.

முதல் படி: மண்ணைச் சோதித்தல்

கல்தூள் வாங்கும் முன் நான்கு சோதனைகள். வீட்டில் செய்யும் முதல் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நாள் ஆகும்.

ஒன்று, குழிச் சோதனை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு அடி இருக்கும்படி குழி எடுங்கள். தண்ணீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, நீர்மட்டம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி வைத்து அளந்து பாருங்கள். ஒரு அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் கீழே இறுகிய அடுக்கு இருக்கிறது. ஆறு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் சரளை அதிகம், ஈரம் நிற்காது. முதல் முறை நிரப்பியதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். காய்ந்த மண் முதலில் தண்ணீரைக் குடித்துவிடும்.

இரண்டு, பாட்டில் சோதனை. மண்ணை 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் சரளையைத் தனியாக எடை போடுங்கள். எடுத்த மண்ணில் பாதிக்கு மேல் சரளை என்றால், வெளியிலிருந்து வண்டல் கொண்டுவராமல் எந்தத் தூளும் உதவாது. சலித்த மண்ணை ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சலவைத்தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் படிவது களி.

மூன்று, புளிப்புச் சோதனை. நம் ஊர் வீடுகளுக்கென்றே உள்ள பிரச்சினை இது. பழைய வீடுகளின் பின்கட்டிலும் மதில் ஓரத்திலும் இடித்த காரை, சுண்ணாம்புச் சாந்து, உடைந்த ஓடு எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் புதைந்து கிடக்கும். ஒரு கைப்பிடி மண்ணில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது. அந்த இடத்தில் பசால்ட் தூள், அதாவது சத்துக்காகப் போடும் எரிமலைக் கல்தூள், போடக் கூடாது. சுண்ணாம்பு மண்ணில் இட்லிப்பூ, ரோஜா, எலுமிச்சை ஆகியவற்றின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற பகுதி மஞ்சளாக மாறுவதைப் பார்க்கலாம். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. பசால்ட் போட்டால் அது கூடும், குறையாது. ஒரே தோட்டத்தில் மதில் ஓரம் ஒரு மாதிரியும் நடுவில் வேறு மாதிரியும் இருக்கும் என்பதால் நாலைந்து இடத்தில் பாருங்கள்.

நான்கு, ஆய்வகம். பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்), உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் என்ற மூன்று பேரூட்டங்கள் ஆகியவற்றை மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். தோட்டத்தில் எட்டுப் பத்து இடத்தில், வி வடிவத்தில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுத்தால் போதும். எருக்குழி ஓரத்திலும் மரத்தடியிலும் எடுக்க வேண்டாம். போர்வெல் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் சேர்த்துக் கொடுங்கள்.

முடிவை இப்படிப் படிக்கலாம். பி.எச். 5.5 முதல் 6.5 வரை என்றால் பசால்ட்டுக்கு ஏற்ற மண். 6.5 முதல் 7.5 வரை என்றால் போடலாம், பலன் குறைவு, அளவையும் பாதியாக்குங்கள். 7.5க்கு மேல் என்றால் வேண்டாம். 5.5க்குக் கீழே என்றால் கல்தூளை நம்பிக் காத்திருக்காமல் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) போட்டுவிடுங்கள். புளிப்பைச் சரிசெய்வதில் பசால்ட் சுண்ணாம்பைவிடப் பல மடங்கு மெதுவானது. மண்ணில் சோடியம் அதிகம் என்று அறிக்கை வந்தால் அதற்கு மருந்து ஜிப்சமும் நல்ல தண்ணீரும். கல்தூள் அதைத் தொடாது.

இரண்டாம் படி: எந்தக் கல் எதற்கு

எரிமலைக் கல் என்ற பெயரில் நாலைந்து வேறு வேறு பொருட்கள் விற்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

பசால்ட் தூள் சத்துக்கானது. எரிமலைக் குழம்பு தரையில் ஓடி உறைந்த கல். இந்தியாவில் அது தக்காணப் பீடபூமியின் கல். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய குழம்பு, மகாராஷ்டிராவின் பெரும்பகுதியையும் வட கர்நாடகம், தெலங்கானாவின் சில பகுதிகளையும் மூடியிருக்கிறது. பசால்ட்டில் ஏறக்குறைய பாதி சிலிக்கா. கால்சியம் ஆக்சைடு 10 சதவீதத்தை ஒட்டியும் மெக்னீசியம் ஆக்சைடு 6 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். சாம்பல்சத்து பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குக் கீழே. தழைச்சத்து கிடையவே கிடையாது. சதுர மீட்டருக்கு 2 கிலோ போட்டால் உள்ளே போவது சுமார் 200 கிராம் கால்சியம் ஆக்சைடும் 120 கிராம் மெக்னீசியம் ஆக்சைடும், அதுவும் கல்லுக்குள் பூட்டிக் கிடக்கும். வேர் விடும் அமிலமும் நுண்ணுயிரும் ஈரமும் சேர்ந்துதான் அதைத் திறக்க வேண்டும். ஆகவே எருவில்லாத, காய்ந்த மண்ணில் போட்ட பசால்ட் வெறும் மண்ணோடு மண்தான்.

செம்மண்ணில் இன்னொரு பயனும் உண்டு. கரைந்து வரும் சிலிக்கா, இரும்பு ஆக்சைடு மணிச்சத்தைப் பிடித்துவைக்கும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் மணிச்சத்து விடுபட்டுச் செடிக்குக் கிடைக்கிறது. மொரீஷியஸ் தீவின் பழைய, சத்துப் போன கரும்பு மண்ணில் பசால்ட் தூள் சோதித்துப் பார்க்கப்பட்டதும் இத்தகைய காரணங்களால்தான். அங்கே மழை அதிகம், நம்மைப் போலவே வெப்பமும் அதிகம், மண் புளிப்பு. குளிர்நாட்டில் கல்தூளால் பயனில்லை என்று வரும் முடிவுகளை அப்படியே நம் மண்ணுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. கார்த்திகையோடு மழை நின்றுவிடும் நம் ஊரில் வருஷம் முழுக்க ஈரமுள்ள தீவின் பலனை எதிர்பார்க்கவும் முடியாது.

பியூமிஸ், காற்றுக் குமிழ்கள் நிறைந்த வெளிர்நிறக் கல். இறக்குமதிச் சரக்கு, விலை கூடுதல். தொட்டிக் கலவைக்கு அருமையானது. தரைத் தோட்டத்தில் ஏற்கெனவே மணலும் சரளையுமாக இருக்கும் மண்ணில் அதைக் கொட்டுவது காசைக் கொட்டுவது.

லாவா கல் என்று நர்சரிகளில் விற்கும் சிவப்பு, கருப்புக் கல் பியூமிஸைவிடக் கனமானது. தொட்டிக்கும் அலங்காரத்துக்கும் சரி. பெர்லைட், எரிமலைக் கண்ணாடியை 900 டிகிரியை ஒட்டிச் சூடாக்கிப் பொரித்தது. மிக லேசு, சத்து எதுவும் தராது, காற்றோட்டம் மட்டும் தரும். வெர்மிகுலைட்டை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அது எரிமலைக் கல் அல்ல, பொரித்த அப்பிரகம்.

ஜியோலைட், எரிமலைச் சாம்பலும் பசால்ட்டும் காலப்போக்கில் மாறி உண்டான கனிமம். சத்தைப் பிடித்துவைத்துத் திருப்பிக் கொடுப்பதில் நம் செம்மண்ணைவிடப் பத்து மடங்குக்கு மேல் வல்லது. சரளை மண்ணில் உரம் நிற்கவில்லை என்பதுதான் முதன்மைப் பிரச்சினை என்றால் பசால்ட்டைவிட இதற்குக் காசு செலவழிக்கலாம். கடலோர ஊர்களில் இறால் குட்டைக்கான மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஆனால் அங்கே வருவதில் தரமற்றதும் உப்புள்ளதும் உண்டு. ஒரு பிடியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரின் உப்பளவைக் கருவியில் பார்த்த பிறகு வாங்குங்கள். வெறும் ஜியோலைட்டை மண்ணில் போட்டால் முதலில் மண்ணிலிருக்கும் அம்மோனியத்தை அதுவே பிடித்துக்கொள்ளும், செடி வெளிறும். கோமியம் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு கலந்து, கிலோவுக்கு ஐந்து லிட்டர் வீதம் ஒரு நாள் ஊறவைத்து வடித்துப் போடுங்கள்.

கரிசல் மண்ணும் எரிமலை மண்தானே, ஒரு டிராக்டர் அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மகாராஷ்டிராவின் கரிசல் பசால்ட்டிலிருந்து வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலின் தாய்ப்பாறை வேறு. களியாக அது உதவும், எரிமலைக் கல்லாக அல்ல.

மூன்றாம் படி: சரக்கைச் சரிபார்த்தல்

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். புதுக்கோட்டை, திருமயம் பக்கத்துக் குவாரிகளில் உடைபடுவது கிரானைட், நைஸ் (gneiss) வகைக் கல். அந்தக் கிரஷர் தூசியும் எம் சாண்ட் கழிவும் கருஞ்சாம்பல் நிறத்தில் பசால்ட் தூள் போலவே இருக்கும், யூனிட் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கிரானைட்டில் கால் பங்குக்கு மேல் குவார்ட்ஸ் எனும் படிகக்கல் இருப்பது வழக்கம். அது நம் ஆயுளில் கரையாது. பிரேசிலில் 2013இல் வந்த சட்டம் கல்தூளை வேளாண் இடுபொருளாக ஏற்றுக்கொண்டது. அதையொட்டி 2016இல் வந்த விதி, குவார்ட்ஸ் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆக்சைடுகள் சேர்ந்து 9 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், விற்பவரிடம் ஆய்வறிக்கை கேட்டு இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிடலாம். அறிக்கை இல்லை என்றால் வாங்காதீர்கள்.

அறிக்கையில் நிக்கல், குரோமியம் அளவையும் பாருங்கள். சேலம் பக்கத்து டியூனைட் கல்தூளில் மெக்னீசியமும் நிக்கலும் குரோமியமும் மிக அதிகம். அதுவும் கருமை கலந்த பச்சைதான், காய்கறித் தோட்டத்துக்கு ஆகாது. கருப்பு கிரானைட் என்று வணிகத்தில் சொல்லப்படுவதில் பெரும்பாலானது டோலரைட், கேப்ரோ வகை. டோலரைட் வேதியியலில் பசால்ட்டுக்கு ஒப்பானது. ஆகவே அதன் தூள் கொள்கையளவில் ஏற்றது. ஆனால் பலகை அறுக்கும் பட்டறையின் சேறு வேண்டாம். அதில் அறுவை இரும்பும் மெருகுப் பொருளும் கலந்திருக்கும். அனல் மின் நிலையச் சாம்பலை எரிமலைச் சாம்பல் என்று யாராவது கொடுத்தால் அதுவும் வேண்டாம். போரானும் ஆர்செனிக்கும் அதில் இருக்கக் கூடும்.

கல் துண்டாகக் கிடைத்தால் வீட்டிலேயே அடர்த்தி பார்க்கலாம். துண்டை உலர்வாக எடை போட்டுக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 2.8 முதல் 3.0 என்றால் பசால்ட் அல்லது டோலரைட்டாக இருக்கலாம். 2.6, 2.7 என்றால் கிரானைட். காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது உறுதியான சாட்சி அல்ல. நம் ஊர்க் கல்லில் சிலவும் ஒட்டும்.

தூளின் நயம் முக்கியம். விரலிடையில் தேய்த்தால் மாவு போல இருக்க வேண்டும். மைதா சல்லடையில் முக்கால்வாசியாவது விழ வேண்டும். விழாத பகுதி சிறு ஜல்லி, அது சத்துக் கணக்கில் சேராது. பாதிதான் சலித்து விழுகிறது என்றால் பாதி எடைக்குத்தான் பணம் கொடுக்கலாம்.

நான்காம் படி: காலம்

கல் கரைய ஈரம் வேண்டும். நமக்கு ஈரம் கிடைப்பது ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவில். கணக்கை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று பெய்ததும் நிலத்தைக் கிளறிவிடுங்கள். இதே மாதங்களில்தான் கண்மாயும் ஊருணியும் வற்றியிருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கரம்பை (கண்மாய் வண்டல்) அடித்து, வெயிலில் காயவிட்டு உடைத்து வையுங்கள். ஆடி நடுவில் கல்தூளும் வண்டலும் எருவும் போட்டுக் கலந்து, சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைக்க வேண்டும். சென்டுக்கு 300 கிராம் விதை போதும். நாற்பத்தைந்து நாளில் பூ எடுக்கும் நேரம், புரட்டாசித் தொடக்கம், மடக்கி மண்ணில் சேர்த்துவிடுங்கள். மூன்று வாரம் மக்கவிட்டு, புரட்டாசிக் கடைசியில் நாற்று நடலாம்.

இந்தப் பசுந்தாள் உரத்தைப் போடாமல் விட்டுவிட வேண்டாம். கல்தூள் மட்டும் போட்டவர்களுக்கும் பசுந்தாளோடு போட்டவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இருப்பதற்குக் காரணம் வேர்தான். உயிருள்ள வேரும், அது மக்கும்போது வரும் கரிம அமிலமும்தான் கல்லைத் தின்னும்.

ஐந்தாம் படி: ஒரு பாத்தி, அளவோடு

நாலு அடி அகலம், பத்து அடி நீளப் பாத்தியை வைத்துக் கணக்குச் சொல்கிறோம். இது ஏறக்குறைய 3.7 சதுர மீட்டர். சென்டுக்குப் போட வேண்டுமென்றால் பதினொன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பசால்ட் தூள் 7.5 கிலோ, பி.எச். 6.5க்கு மேல் என்றால் 3.5 கிலோ. நன்றாக மக்கிய ஆட்டு எரு அல்லது தொழு உரம் 20 கிலோ. உடைத்த கண்மாய் வண்டல் ஏழு காரைச்சட்டி, அதாவது பாத்தி முழுக்க ஓர் அங்குலக் கனம். வேப்பம் புண்ணாக்கு 400 கிராம். ஊறவைத்த ஜியோலைட் கைவசம் இருந்தால் 2 கிலோ.

முதலில் ஒரு நாள் முன்னதாகத் தண்ணீர் கட்டி மண்ணை இளக்குங்கள். மேல் அரை அடியை மம்பட்டியால் வெட்டி ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். அடியில் தெரியும் இறுகிய அடுக்கைக் கடப்பாரையால் ஒரு சாண் இடைவெளியில் குத்தி நெம்பி விரிசல் விடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த அடி மண்ணை மேலே கொண்டுவந்து போடாதீர்கள். செம்புறாங்கல் பூமிக்குள் ஈரமாக இருக்கும்போது வெட்டும் அளவுக்கு மெதுவாக இருந்து, காற்றும் வெயிலும் பட்டதும் இறுகும் குணமுள்ளது. வீடு கட்ட அதை அப்படித்தானே வெட்டி எடுத்து வந்தார்கள். மேலே வந்த அடி மண்ணும் இரண்டு கோடையில் ஓடு கட்டிக்கொள்ளும். மண்ணைப் புரட்ட வேண்டாம், விரிசல் போதும்.

விரிசலுக்குள் எருவில் பாதியைத் தூவிவிடுங்கள். ஒதுக்கிய மேல்மண்ணோடு வண்டலைக் கலந்து பரப்புங்கள். அதன்மேல் கல்தூளைத் தூவ வேண்டும். காற்றில்லாத காலை நேரத்தில், தூளில் லேசாகத் தண்ணீர் தெளித்து, என்-95 முகக்கவசம் போட்டுத் தூவுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்ணிய கல்தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. குழந்தைகளை அன்றைக்குத் தோட்டத்துக்கு விட வேண்டாம். தூளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாக்கிலும் மற்றொன்றைக் குறுக்குவாக்கிலும் தூவினால் சமமாக விழும்.

மீதி எருவையும் புண்ணாக்கையும் போட்டு, மேல் நாலு முதல் ஆறு அங்குலத்துக்குள் கொத்திக் கலக்குங்கள். தூளை மேலாகவே விட்டுவிட்டால் முதல் மழையில் அது பூசினாற்போல் பாளம் கட்டி, அடுத்த மழைத் தண்ணீரை உள்ளே விடாது. ஆழமாகப் புதைத்தால் வேரும் நுண்ணுயிரும் குறைவான இடத்துக்குப் போய்விடும்.

கலந்ததும் நிதானமாக நனைத்து, மறுநாள் பசுந்தாள் விதையுங்கள். நடவுக்குப் பிறகு மூடாக்கு கட்டாயம். வைக்கோல், நிலக்கடலைத் தொலி, உதிர்ந்த இலை எதுவானாலும் இரண்டு மூன்று அங்குலக் கனம். லாவா கல்லை மூடாக்காகப் பரப்பும் வழக்கம் படத்தில் அழகு. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் கருங்கல் சூடேறித் தண்டடியைச் சுடும். கள்ளிச் செடி வளர்த்தால் மட்டும் போடுங்கள்.

பக்கத்தில் ஒரு பாத்திக்கு எல்லாவற்றையும் இதே அளவில் போட்டு, கல்தூளை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படி ஒரு பாத்தி இல்லாமல் கல்தூள் வேலை செய்ததா, எரு வேலை செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மரக்குழிக்கு

மா, சப்போட்டா, எலுமிச்சை, கொய்யாவுக்கு மூன்று அடிக் கனசதுரக் குழி. எடுத்த மேல்மண்ணைத் தனியாகவும் அடி மண்ணைத் தனியாகவும் குவியுங்கள். மேல்மண்ணோடு 4 கிலோ பசால்ட் தூள், 20 கிலோ எரு, ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, நாலைந்து சட்டி வண்டல் கலந்து நிரப்பி, அடி மண்ணைக் குழியைச் சுற்றி வரப்பாகப் போடுங்கள். வடிகாலுக்கென்று குழியடியில் ஜல்லியோ லாவா கல்லோ போடுவது பயன் தராது. நுண்மண்ணுக்குக் கீழே பெருங்கல் அடுக்கு வந்தால் மேல்மண் முழுக்க நனைந்து சொட்டும் வரை தண்ணீர் கீழே இறங்காது. ஈரம் வேருக்கருகிலேயே தேங்கும். குழிச் சோதனையில் தண்ணீர் நின்ற இடமென்றால் அடியைக் கடப்பாரையால் குத்தி உடையுங்கள், அல்லது ஒரு அடி மேடு கட்டி அதில் நடுங்கள்.

வளர்ந்த மரத்துக்குத் தண்டைச் சுற்றி அல்ல, கிளைகளின் நிழல் விளிம்பில் ஒரு சாண் அகல வட்ட வாய்க்காலில் 3 கிலோ தூளை எருவோடு போட்டு மூடினால் போதும்.

முற்றத்துத் தொட்டிகளுக்கு

பியூமிஸுக்கும் பெர்லைட்டுக்கும் உரிய இடம் இது. சலித்த செம்மண் 3 பங்கு, மண்புழு உரம் 3 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, 3 முதல் 8 மில்லிமீட்டர் பியூமிஸ் 2 பங்கு. பதினைந்து லிட்டர் தொட்டிக்கு 50 கிராம் பசால்ட் தூள். பியூமிஸ் கிடைக்காவிட்டால் பெர்லைட் அதே பங்கு. பெர்லைட்டைப் பையிலேயே நனைத்த பிறகு எடுங்கள், இல்லாவிட்டால் மூக்கெல்லாம் தூசி. திறந்த முற்றத்தில் மழை நேராக விழும் தொட்டிக்குப் பெர்லைட் வேண்டாம். நாலு மழையில் மேலே மிதந்து வந்து வழிந்தோடிவிடும். தொட்டியின் அடியில் கல் அடுக்கு இங்கேயும் தேவையில்லை, துளையின்மேல் ஒரு ஓட்டுச் சில் போதும்.

கோளாறு வந்தால்

நட்ட மூன்று வாரத்தில் அடியிலைகள் முழுதாக வெளிர்மஞ்சள் ஆனால் அது தழைச்சத்துக் குறைவு. பசுந்தாள் சரியாக மக்கவில்லை, அல்லது எரு பச்சையாக இருந்தது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். இளம் இலையில் நரம்பிடை மஞ்சள் என்றால் சுண்ணாம்பு மண், மேலே சொன்ன புளிப்புச் சோதனைக்குத் திரும்புங்கள். அங்கே அடுத்த முறை கல்தூளை நிறுத்திவிட்டு எருவைக் கூட்டுங்கள்.

மண்மேல் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் கல்தூளைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் போர்வெல் உப்பு. ஆய்வக அறிக்கையில் தண்ணீரின் உப்பளவு மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் மழைநீரைத் தேக்கி அதையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள்.

மழை முடிந்ததும் பாத்தி சிமெண்டு போல் இறுகினால், வந்தது பசால்ட் தூள் அல்ல, சலிக்காத கிரஷர் தூசியாக இருக்க வாய்ப்பு அதிகம். களியும் கூர்முனைத் தூசியும் சேர்ந்து கெட்டித்துக்கொள்ளும். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. எருவையும் பசுந்தாளையும் இரண்டு வருஷம் தொடர்ந்து கொடுத்து இளக்க வேண்டியதுதான்.

மூன்று மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது கோளாறு அல்ல.

அடுத்த வருஷங்கள்

ஒரு வருஷம் கழித்து, அதே ஆடியில், பி.எச்.ஐயும் குழிச் சோதனையையும் இரண்டு பாத்திகளிலும் திரும்பப் பாருங்கள். ஒரு சதுர அடி மண்ணை அரை அடி ஆழத்துக்கு வெட்டிப் புழுக்களை எண்ணுங்கள். எருவும் பசுந்தாளும் ஒவ்வொரு வருஷமும் போட வேண்டியவை. நம் வெயிலில் மக்கு வேகமாகத் தீர்ந்துவிடும். கல்தூள் அப்படியல்ல. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ, அதுவும் பி.எச். 6.8க்குக் கீழே இருந்தால் மட்டும். அதைத் தாண்டிவிட்டால் மூட்டையைக் கட்டி வையுங்கள், ஈரம் பட்டாலும் கெடாத சரக்கு.